ராமேஸ்வரத்தில் விண்ட்சர்ஃபிங்: எங்கே இறங்கலாம், எங்கே இறங்கவே கூடாது? காற்றும் வரைபடமும் சொல்வது என்ன?

"அக்கா, ராமேஸ்வரத்துல கடல் குளம் மாதிரி கிடக்கே. ஜூலைல லீவு வருது. அங்கேயே போர்டை இறக்கிடலாமா?"

பெங்களூரு மர்பி டவுனில் எங்கள் தெருவில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டிக் கேட்ட கேள்வி இது. கோவாவில் ஒரு வாரம் விண்ட்சர்ஃபிங் பழகியிருக்கிறார். நண்பருடன் சேர்ந்து பழைய போர்டு ஒன்றையும் வாங்கிவிட்டார். வீடியோவில் பச்சை நிறத்தில் தண்ணீர், அலையே இல்லை, நல்ல காற்று. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஆனால் அந்த வீடியோவில் தெரிந்த வடக்குக் கரை, ஜூலை மாதத்தில், புதிதாகப் பழகுகிறவருக்கு மிகவும் ஆபத்தான இடங்களில் ஒன்று. அலை இல்லை என்பதுதான் அதற்கான முதல் அறிகுறி.

ஏன்? எந்த மாதத்தில் எந்தக் கரை? எந்த இடத்தில் இறங்கவே கூடாது? வரைபடத்தையும் காற்றின் திசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விண்ட்சர்ஃபிங் என்றால் என்ன?

ஒரு பலகை, அதன் மேல் எல்லாப் பக்கமும் சாயக்கூடிய ஒரு பாய்மரம். சவாரி செய்பவர் நின்றுகொண்டு பாயைக் கையில் பிடித்துச் சாய்த்தே திசையை மாற்றுவார். 1960களில் அமெரிக்காவில் பிரபலமாகத் தொடங்கிய இந்த விளையாட்டு, 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2023-ல் சீனாவில் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆண்களுக்கான ஆர்.எஸ்.எக்ஸ். விண்ட்சர்ஃபிங் பிரிவில் இந்தியாவின் இபாத் அலி வெண்கலம் வென்றார்.

இதில் என்ஜின் கிடையாது. பிரேக்கும் கிடையாது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, பாய் கீழே விழுந்துவிட்டால் நீங்களும் அந்தப் பக்கம்தான் போவீர்கள். 'எங்கே இறங்குவது' என்ற கேள்வி முக்கியமாவது இதனால்தான்.

அல்சூர் ஏரி இருக்கும்போது ராமேஸ்வரம் எதற்கு?

மர்பி டவுனிலிருந்து அல்சூர் ஏரிக்கு நடந்தே போய்விடலாம். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் வீரர்கள் அங்கே பாய்மரப் படகு ஓட்டிப் பழகுவதை நம்மில் பலரும் கரையில் நின்று பார்த்திருப்போம். ஆனால் நினைத்த நேரத்தில் சொந்த போர்டை எடுத்துக்கொண்டுபோய் அதில் இறக்க முடியாது. ஏரியைச் சுற்றிக் கட்டடங்கள் இருப்பதால் காற்றும் சீராக இருக்காது. ஒரு நிமிடம் அடிக்கும், மறு நிமிடம் நின்றுவிடும்.

ராமேஸ்வரம் சுமார் 600 கி.மீ. தூரம். ஓசூர், சேலம், மதுரை வழியாக ஒரு பகல் பயணம். அவ்வளவு தூரம் போக ஒரே காரணம், அங்கே வீசும் சீரான காற்று. ஆண்டில் இரண்டு பருவக் காற்றுகளும் தடையின்றி வந்து தொடும் இடம் அது. ராமேஸ்வரத்துக்கு எதிரே, இலங்கையின் மன்னார் தீவில் 100 மெகாவாட் காற்றாலைப் பூங்காவை 2020-ல் திறந்ததற்கும் அதே காற்றுதான் காரணம். ராமேஸ்வரம் பகுதியில் கைட்சர்ஃபிங் கற்றுத்தரும் மையங்களும் இயங்குகின்றன.

ஆண் கடல், பெண் கடல்: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ராமேஸ்வரம் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும். பாம்பன் தீவுக்குத் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அலை அடிக்கும், ஆழம் அதிகம். அதை 'ஆண் கடல்' என்பார்கள். வடக்கே இருப்பது பாக் விரிகுடா. ஆழம் குறைவு, அமைதியானது. அது 'பெண் கடல்'.

சுற்றுலா வழிகாட்டிகள் இதை ஆண்டு முழுவதும் மாறாத குணம் போலச் சொல்வார்கள். ஆனால் தென்மேற்குக் காற்றுக் காலத்தில்தான் இந்த வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரியும். வடகிழக்குக் காற்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழாகும். பெண் கடல் கொந்தளிக்கும், தெற்குக் கரையோரம் அடங்கிக் கிடக்கும்.

இதற்குக் காரணம் தீவின் அமைப்பு. கூகுள் மேப்பைத் திறந்து பாருங்கள். ராமேஸ்வரம் ஊரிலிருந்து தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரை ஒரு மெலிந்த மணல் திட்டு, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டிருக்கும். தென்மேற்குக் காற்றும் சரி, வடகிழக்குக் காற்றும் சரி, அந்தத் திட்டைக் கிட்டத்தட்ட செங்குத்தாகக் குறுக்கே கடக்கின்றன. அதனால் எந்தப் பருவத்திலும் ஒரு பக்கம் காற்று கரையை நோக்கி வீசும், மறுபக்கம் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையிலிருந்து கடலுக்குள் போகும் காற்று, கரையோரத்தில் அலையை எழுப்பாது. அதனால்தான் அந்தப் பக்கம் 'குளம் மாதிரி' தெரிகிறது.

சுருக்கமாகச் சொன்னால், காற்று பலமாக இருந்தும் கரையோரத் தண்ணீர் அமைதியாக இருந்தால், அந்தக் காற்று உங்களைக் கடலுக்குள் தள்ளும் காற்று.

காற்றின் திசையை எப்படிக் கண்டுபிடிப்பது?

செயலியில் அம்புக்குறியைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம். 'தென்மேற்குக் காற்று' என்றால் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. தென்மேற்கு நோக்கிப் போகும் காற்று அல்ல. பாம்பன், ராமேஸ்வரம் மீனவர்களிடம் கேட்டால் கச்சான், வாடை, கொண்டல் என்று பெயர் சொல்வார்கள். மேற்கு, தென்மேற்கிலிருந்து வருவது கச்சான். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல்.

இதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று உங்கள் உடம்பில் எங்கே படுகிறது?

முகத்தில் அடித்தால் அது கரையை நோக்கி வரும் காற்று. கடலுக்குள் போவது சிரமம். விழுந்தால் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

காதில் அடித்தால் கரைக்கு இணையாகப் போகும் காற்று. போகவும் வரவும் எளிது.

காதுக்கும் மூக்குக்கும் நடுவே, கன்னத்தில் அடித்தால் அதுதான் கற்றுக்கொள்பவருக்கு மிகப் பொருத்தமான காற்று. கடலுக்குள் போகலாம். ஏதாவது ஆனால் கரைக்கே வந்து சேர்வீர்கள்.

பிடரியில் அடித்தால்? போர்டைத் திரும்ப வண்டியில் ஏற்றுங்கள். பக்கத்தில் மீட்புப் படகு இல்லாமல் அந்தக் கரையில் இறங்கக் கூடாது.

பிடரிக் காற்றில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. கரையில் சவுக்குத் தோப்போ, பனை மரங்களோ, வீடுகளோ இருந்தால் அவை காற்றை மறைத்துவிடும். கரையோரம் காற்று மெதுவாக இருப்பதாகத் தெரியும். 200, 300 மீட்டர் உள்ளே போன பிறகுதான் முழு வேகமும் தெரியும். அப்போது திரும்ப நினைத்தால், காற்றை எதிர்த்து வர வேண்டும். விண்ட்சர்ஃபிங் போர்டு காற்றுக்கு நேர் எதிராகப் போகாது. இடமும் வலமுமாகக் குறுக்காக ஓட்டி ஓட்டித்தான் வர முடியும். ஒரு வாரப் பயிற்சியில் பெரும்பாலானோருக்கு இது கைவருவதில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: எந்தக் கரை?

இது தென்மேற்குக் காற்றுக் காலம். இப்போது அந்தப் பிடரிச் சோதனையை வரைபடத்தில் செய்து பார்ப்போம்.

தனுஷ்கோடி மணல் திட்டின் வடக்குப் பக்கம்: காற்று நேராகப் பிடரியில். வீடியோவில் அழகாகத் தெரியும் இடம் இதுதான். வேண்டாம்.

அதே திட்டின் தெற்குப் பக்கம்: காற்று நேராக முகத்தில். கடலுக்குள் அடித்துச் செல்லும் பயம் குறைவு. ஆனால் அலைகள் கரையிலேயே வந்து உடையும். பாயைத் தூக்கி நிறுத்துவதற்குள் அலை போர்டைப் புரட்டிவிடும். நன்கு தேர்ந்தவர்களுக்கே இது சிரமம்.

மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வரையான வடக்குக் கரை, அரியமான் கடற்கரை உட்பட: இங்கும் காற்று நிலத்திலிருந்துதான் கடலுக்குப் போகிறது. தனியாக இறங்க ஏற்றதல்ல.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட தெற்குக் கரை: இந்தக் கரை கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகப் போகிறது, கடல் தெற்கே இருக்கிறது. தென்மேற்குக் காற்று இங்கே வலது கன்னத்தில் அடிக்கும். கணக்குப்படி இந்தப் பருவத்தில் நல்ல கோணம் இதுதான். கரையிலிருந்து சில கி.மீ. தள்ளி வரிசையாக இருக்கும் தீவுகளும் பவளப்பாறைகளும் பெரிய அலைகளை ஓரளவு உடைத்துவிடுகின்றன.

ஆனால் ஒரு பெரிய 'ஆனால்' உண்டு. அந்தத் தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், சுமார் 560 சதுர கி.மீ. 1986-ல் அறிவிக்கப்பட்ட பூங்கா இது. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளில் கால் வைக்கக் கூடாது. பவளப்பாறை மேல் போர்டின் அடித்துடுப்பு இடித்தால் பாறைக்கும் சேதம், காலுக்கும் காயம். எனவே கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே, உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, ஓட்டிப் பழகுவதுதான் சரி.

எல்லைக் கோடு எவ்வளவு தூரம்? ஒரு சின்னக் கணக்கு

பாக் விரிகுடாவில் அடித்துச் செல்லப்படுவது, மற்ற கடல்களில் அடித்துச் செல்லப்படுவது போன்றதல்ல. அங்கே நாட்டின் எல்லை இருக்கிறது.

இந்தியாவும் இலங்கையும் 1974-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் எல்லைக் கோட்டின் புள்ளிகள் அட்சரேகை, தீர்க்கரேகையோடு குறிக்கப்பட்டுள்ளன. ஆதாம் பாலம் பகுதியில் அந்தக் கோடு கிழக்கு 79 பாகை 32 கலையில் செல்கிறது. அரிச்சல்முனை அதற்குச் சுமார் 5 கலை மேற்கே இருக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால், முனையிலிருந்து நேர் கிழக்கே ஏறத்தாழ 10 கி.மீ. தூரத்தில் எல்லை.

தென்மேற்குக் காற்று உங்களை வடகிழக்காகத் தள்ளும். அந்தச் சாய்வுக் கோட்டில் போனால் எல்லைக்கு ஏறத்தாழ 14 கி.மீ. பாய்மரம் உடைந்து, போர்டின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்றும், மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டமும் சேர்ந்து மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் இழுத்தால்கூட, 5 மணி நேரத்துக்குள் எல்லைக்குப் போய்விடுவீர்கள். மதியம் 3 மணிக்குப் பாய் உடைந்தால், இரவு 8 மணிக்கு இருட்டில், விளக்கு இல்லாமல், எல்லைக் கோட்டில் நிற்பீர்கள்.

எல்லை தாண்டியதாகச் சொல்லி நம் மீனவர்கள் கைது செய்யப்படும் செய்தி நமக்குப் புதிதல்ல. ஜிபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கே அந்த நிலை. நீச்சல் உடையில், அடையாள அட்டைகூட இல்லாமல் போர்டில் மிதந்து வருபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அரிச்சல்முனையில் எந்தப் பருவத்திலும், எந்தக் காற்றிலும் இறங்க வேண்டாம். இரண்டு கடல்களும் சேரும் அந்த முனையில் நீரோட்டத்தின் வேகமும் திசையும் மாறிக்கொண்டே இருக்கும். குளிக்கக்கூட ஆபத்தான இடம் அது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை: எந்தக் கரை?

அக்டோபர், நவம்பரை விட்டுவிடுங்கள். காற்று திசை மாறும் காலம், மழை, புயல் சின்னங்கள். டிசம்பரிலும் வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் பையைக் கட்ட வேண்டாம். தனுஷ்கோடியை அழித்த புயல் வந்தது 1964 டிசம்பர் 22, 23-ல்தான்.

வானம் தெளிந்த பிறகு வரும் வடகிழக்குக் காற்று, கற்றுக்கொள்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு. இப்போது கணக்கு தலைகீழ்.

மண்டபம், பிரப்பன்வலசை, அரியமான் பகுதியில் உள்ள பாக் விரிகுடாக் கரை: காற்று கிட்டத்தட்ட முகத்தில், கொஞ்சம் வலது கன்னத்தில். சிறு அலைகள் இருக்கும், வீடியோவில் பார்த்த கண்ணாடித் தண்ணீர் இருக்காது. ஆனால் ஆழம் குறைவு. இடுப்பளவு தண்ணீர்வரை போர்டைத் தள்ளிக்கொண்டு நடந்துபோய், அங்கே பாயைத் தூக்கலாம். விழுந்தால் காற்று கரைக்கே தள்ளும். அழகைவிட உயிர் முக்கியம் என்று நினைப்பவர் தேர்வு செய்ய வேண்டிய இடம் இது.

தனுஷ்கோடித் திட்டின் தெற்குப் பக்கம்: இந்தப் பருவத்தில் இதுதான் 'குளம்'. காற்று பிடரியில். தள்ளிவிட்டால் அடுத்து வருவது திறந்த மன்னார் வளைகுடா. வேண்டாம்.

தனுஷ்கோடியின் உள்நீர்ப் பரப்புகள்: மணல் திட்டுகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் ஆழமில்லாத தண்ணீர். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எதிரே ஒரு கரை இருக்கும் என்பதால் விளையாட்டுக்காரர்களுக்கு இவை பிடித்தமானவை. இலங்கையின் கற்பிட்டி இதே காரணத்தால்தான் உலகம் முழுவதும் உள்ள கைட்சர்ஃபிங் ஆர்வலர்களை ஈர்க்கிறது. ஒரு பக்கம் கடல், நடுவே மணல் திட்டு, மறுபக்கம் களப்பு.

ஆனால் குளிர்காலத்தில் இந்த நீர்ப்பரப்புகளுக்கு நம்மைவிட முக்கியமான விருந்தாளிகள் வருகிறார்கள். பெரிய பூநாரைகள். 2025 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பெரிய பூநாரைகள் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பாய்மரம் ஒன்று வேகமாகக் குறுக்கே போனால் மேய்ந்துகொண்டிருக்கும் பறவைக் கூட்டம் மொத்தமாகப் பறந்துவிடும். எனவே பழைய வீடியோவில் யாரோ ஓட்டினார்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இறங்க நினைக்கும் இடம் சரணாலயத்துக்குள் வருகிறதா என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எந்தப் பருவத்திலும் கூடாத இடங்கள் எவை?

அரிச்சல்முனையைச் சொல்லியாகிவிட்டது. இன்னும் இரண்டு இருக்கின்றன.

ஒன்று, பாம்பன் கால்வாய். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-ல் திறந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் என மூன்றின் தூண்களும் தண்ணீரில் நிற்கின்றன. இரண்டு கடல்களின் நீர்மட்டமும் வேறுபடும்போது அந்தக் குறுகலான வழியாகத் தண்ணீர் ஆறு போலப் பாயும். தூணில் போய்ச் சிக்கினால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. பாலத்துக்கு இரு பக்கமும் சில கி.மீ. தள்ளியே இருங்கள்.

இரண்டு, அக்னி தீர்த்தக் கரை. இது ஆபத்தைவிட மரியாதை சம்பந்தப்பட்டது. பக்தர்கள் நீராடும் இடத்தில், வயதானவர்கள் தண்ணீரில் நிற்கும்போது, கூரான முனையுள்ள போர்டைக் கொண்டுபோய் இறக்கக் கூடாது.

எவ்வளவு வேகக் காற்று சரி?

செயலிகள் பெரும்பாலும் 'நாட்' கணக்கில் காட்டும். வானிலை ஆய்வு மையம் கி.மீ. கணக்கில் சொல்லும். 1 நாட் என்பது 1.852 கி.மீ. வேகம்.

8 முதல் 12 நாட் (15 முதல் 22 கி.மீ.): கற்றுக்கொள்பவருக்குப் போதும்.

15 முதல் 20 நாட் (28 முதல் 37 கி.மீ.): போர்டு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும். பழகியவர்களுக்கு மட்டும்.

24 நாட்டுக்கு மேல் (45 கி.மீ.): வீட்டில் இருங்கள்.

'12-ல் ஓட்டியாச்சு, 24 அதைவிட ரெண்டு மடங்குதானே' என்று நினைக்க வேண்டாம். காற்று பாயின் மேல் கொடுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

இப்போது ஒரு செய்தியை நினைத்துப் பாருங்கள். 'மன்னார் வளைகுடா பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று தென்மேற்குப் பருவத்தில் அடிக்கடி கேட்கிறோம் அல்லவா? அதை நாட் கணக்குக்கு மாற்றினால் 24 முதல் 30, இடையில் 35. 'மீனவர்களுக்கு' என்று தொடங்கும் அந்த எச்சரிக்கை உங்களுக்கும்தான்.

காற்றை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அப்போது 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தெற்கே, எழும் அலைகள் நாள் கணக்கில் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறுவதுதான் கள்ளக்கடல். உள்ளூரில் காற்றே இல்லாவிட்டாலும் வரும். சொல்லாமல் வருவதால் இந்தப் பெயர்.

இந்த எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், வெளியிடுகிறது. தெற்குக் கரையில் இறங்குவதாக இருந்தால், காற்றுச் செயலியோடு இன்காய்ஸ் அறிவிப்பையும் பார்க்க வேண்டும்.

இந்தக் கரை யாருடையது?

நமக்கு இது விளையாட்டு மைதானம். அங்கே இருப்பவர்களுக்கு இது வேலை செய்யும் இடம்.

படகுகள் கட்டிக்கிடக்கும் இடத்தில் போர்டை இறக்காதீர்கள். தண்ணீருக்குள் நங்கூரக் கயிறுகளும் வலைகளும் இருக்கும். பாம்பன், மண்டபம் பகுதிக் கடலோரங்களில் மூங்கில் தெப்பங்களில் கடல்பாசி வளர்க்கிறார்கள். பெண்கள் பலரும் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். வேகமாக வரும் போர்டிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு மேல் ஒரு தலை மட்டும்தான் தெரியும், அதுவும் கடைசி நொடியில். தெப்பத்தின் கயிற்றை அறுத்துவிட்டால் அது ஒரு குடும்பத்தின் வருமானம்.

ஆழமில்லாத இடங்களில் கடற்புல் இருக்கும். கடற்பசுக்கள் மேயும் புல்வெளி அது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பு 2022-ல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டதும் இதனால்தான். புல் கண்ணில் பட்டால் இறங்கி, போர்டைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

எனவே கரைக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, போர்டை இறக்குவதல்ல. அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம், "ஐயா, இன்னைக்கு காத்து எப்படி? இந்தப் பக்கம் இறங்கலாமா? தெப்பம் எங்க இருக்கு?" என்று கேட்பது. எந்தச் செயலியும் அவர் அளவுக்கு அந்தக் கரையைப் பார்த்ததில்லை. நாளை உங்களுக்கு ஆபத்து என்றால் முதலில் படகை எடுக்கப் போகிறவரும் அவராகத்தான் இருப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலில் உங்களைத் தற்செயலாகப் பார்த்து உதவக்கூடிய படகுகள் அப்போது குறைவு.

நடுக்கடலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

போர்டை விட்டு விலகாதீர்கள். நீந்தியே கரைக்கு வந்துவிடலாம் என்ற நினைப்புதான் உயிரை எடுக்கும். போர்டு மூழ்காது. தேடி வருபவர்களுக்கும் மனிதத் தலையைவிட போர்டு எளிதில் தெரியும்.

பாய் ஓட்ட முடியாத நிலையில் இருந்தால், அதைச் சுருட்டி போர்டின் மேல் வைத்து, அதன் மேல் படுத்து இரு கைகளாலும் துடுப்புப் போடுங்கள். காற்று மிக பலமாக இருந்தால் பாய்மரத்தைக் கழற்றி விட்டுவிடலாம். பணத்தைப் பற்றி அப்போது யோசிக்க வேண்டாம்.

படகு கண்ணில் பட்டால், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். கடலில் உதவி கேட்கும் சைகை இது. ஒரு கையை மட்டும் ஆட்டினால் டாட்டா காட்டுவதாக நினைத்துப் போய்விடுவார்கள்.

கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசின் எண் 1093. செல்போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். வண்டியில் வைத்துவிட்டுப் போன போன் யாருக்கும் உதவாது. மிதவை அங்கி கட்டாயம். கரையில் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர், அவரிடம் நீங்கள் திரும்பி வர வேண்டிய நேரம், இவை இரண்டும் கட்டாயம்.

சரி, அந்த மாணவருக்கு என்ன பதில்?

ஜூலையில் போவதாக இருந்தால், மீட்புப் படகு வைத்திருக்கும் பயிற்சி மையத்தோடு மட்டும் போங்கள். தனியாக ஓட்டிப் பழக ஆசை என்றால் ஜனவரி வரை பொறுத்திருங்கள். பாக் விரிகுடாவின் மண்டபம் பக்கக் கரை, 10 நாட் காற்று, இடுப்பளவு தண்ணீர். வீடியோவுக்கு அவ்வளவு அழகாக இருக்காது. விழுந்து விழுந்து எழுவதைத்தான் எடுக்க முடியும்.

அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "அப்போ அந்த வீடியோல ஓட்டினவங்க?" என்று கேட்டார்.

வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். பாய்மரம் திரும்பும் ஒரு நொடியில், ஓரத்தில், என்ஜின் பொருத்திய ஒரு படகு நின்றுகொண்டிருந்தது.